கிறிஸ்துமஸ் மிட்டாய்க்கு கேலபாட் வெள்ளை சாக்லேட்
காம்பவுண்டு சாக்லேட் கட்டியிலேயே (தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட்) மிட்டாய் செய்து பழகியவர்கள் இந்த பெல்ஜிய வெள்ளை சாக்லேட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள், விலை கூடுதல்தான், ஆனால் தாவரக் கொழுப்புக்குப் பதில் அசல் கோகோ வெண்ணெய் இருப்பதால் நாக்கில் வைத்ததும் கரைகிறது, பால் வாசமும் அருமை. உருக்கும்போது பொறுமை வேண்டும். 45 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கட்டிதட்டிவிடும். அப்புறம் கிளறிக்கொண்டே 28 டிகிரி அளவுக்கு இறக்கினால்தான் பளபளப்பும், உடைக்கும்போது அந்த 'டக்' சத்தமும் கிடைக்கும். சாக்லேட்டே நல்ல இனிப்பு, அதனால் டூட்டி ஃபுரூட்டி வேண்டவே வேண்டாம். புளிப்பான உலர் கிரான்பெர்ரி, வறுத்து ஆறவைத்த பிஸ்தா, மேலே துளி உப்பு. பிரமாதமாக இருக்கிறது. சென்னை வெயிலில் கூரியரில் வரவழைப்பதை மட்டும் தவிர்த்து, நேரில் போய் வாங்குங்கள்.