பொருள்களின் நினைவக அமைப்பை எங்கே வரையறுப்பது: சி தலைப்புக் கோப்பிலா, லிஸ்ப் மக்ரோவிலா?

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் நால்வர் கூடி லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கு ஒரு சிறிய தொகுப்பானை (கம்பைலரை) எழுதி வருகிறோம். அது நேரடியாக 64 பிட் இயந்திர நிரலை உண்டாக்குகிறது. பயனற்றுப்போன பொருள்களின் நினைவகத்தை மீட்டு, மற்றவற்றை இடம்பெயர்க்கும் குப்பை சேகரிப்பானும் இயங்குதளத்தோடு உறவாடும் பகுதியும் சி மொழியில் இருக்கின்றன. ஒரு கான்ஸ் (இரு மதிப்புகளின் சோடி), ஒரு சிம்பல் (பெயர்ப் பொருள்), ஒரு வெக்டர் (எண்ணிட்ட இடங்களின் தொகுதி) ஆகியவை நினைவகத்தில் எந்த வரிசையில், எத்தனை பைட்டில் கிடக்கின்றன என்பதை இரு தரப்பும் பிசகாமல் ஒரே விதமாக அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவை எங்கே எழுதி வைப்பது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவதில் தொடங்கி அடிபட்டோம். இரண்டாவதைச் சில வாரங்கள் பரிசீலித்தோம். மூன்றாவதைத் தெரிவுசெய்து ஏறத்தாழ ஒரு வருடமாக அதனோடு வேலை செய்கிறோம். என் சாய்வு மூன்றாவதன் பக்கம்தான் என்பதை வாசிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் வழி, லிஸ்ப் பக்கமும் சி பக்கமும் தனித்தனியே கையால் எழுதுவது. இரண்டாவது, சி ஸ்ட்ரக்டையே (புலங்களை அடுக்கிக் காட்டும் சி வரையறையையே) மூலமாகக் கொண்டு, அதன் புலங்கள் எத்தனையாவது பைட்டில் தொடங்குகின்றன என்பதை ஒரு சிறிய சி நிரலால் அச்சிட்டு லிஸ்புக்குத் தருவது. மூன்றாவது, நிரலை எழுதித் தரும் லிஸ்ப் மக்ரோ ஒன்றில் ஒரே தடவை வரையறுத்து, சி நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பை அதிலிருந்து உருவாக்குவது. வேகத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் வேறுபாடு இல்லை, ஏனெனில் முடிவில் வெளிவரும் இயந்திரக் கட்டளைகள் ஒன்றே. தொடக்கத்தில் எழுதும் உழைப்பும் பெரிதாக வேறுபடுவதில்லை. முதல் வழி ஒரு மாலையில் முடிந்துவிடும், மற்றவை இரண்டு மூன்று மாலைகள் எடுக்கும்.

வேறுபாடு புரிய, சுட்டிகளில் (பொருளின் முகவரியைத் தாங்கும் எண்களில்) உள்ள அடையாளப் பிட்டுகளைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். எங்கள் குழுவில் வயதிற் குறைந்தவர் முதல் நாளே, "அண்ணா, இந்த மைனஸ் ஏழு எங்கயிருந்து வருகுது?" என்று கேட்டார். எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் தொகுப்பானைப் பின்பற்றி நாங்களும் எல்லாப் பொருள்களையும் 16 பைட் எல்லையில் வைக்கிறோம். அதனால் முகவரியின் கடைசி நான்கு பிட்டுகள் எப்போதும் வெறுமையாக இருக்கும். அந்த இடத்தில் பொருளின் வகையைக் குறித்து விடலாம். பட்டியற் சுட்டிக்கு 7, மற்றப் பொருள்களுட் பெரும்பாலானவற்றுக்கு 15. ஒரு கான்ஸ் 4096ஆம் முகவரியில் இருந்தால் அதன் சுட்டி 4103 ஆகும். கார் (சோடியின் முதற் பாதி) இருப்பது 4096இல், அதாவது சுட்டியிலிருந்து −7. குடர் (இரண்டாம் பாதி) இருப்பது 4104இல், அதாவது +1. அடையாளத்தை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு படிக்கத் தேவையில்லை; கழித்தலை ஆஃப்செட்டே (சுட்டியிலிருந்து புலத்துக்குள்ள தூரமே) விழுங்கிவிடுகிறது. ஆகவே தொகுப்பானுக்குப் புலத்தின் இடம் என்பது வரிசை எண்ணை 8ஆற் பெருக்கி அடையாளத்தைக் கழித்த எண். சி நிரலுக்கோ அடையாளம் நீக்கிய முகவரியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்ட் புலம். ஒரே உண்மைக்கு இரண்டு முகங்கள் இருப்பதால்தான் அதை யார் எழுதி வைப்பது என்ற கேள்வியே எழுகிறது.

கையால் எழுதும் வழியை இழிவாகப் பேச எனக்கு விருப்பமில்லை. குளோஷர் காமன் லிஸ்ப் என்ற தொகுப்பான் அவ்வழியிலேயே வளர்ந்தது; ஜாவா மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும், அதே உச்சரிப்புள்ள இன்னொரு லிஸ்பை நான் கருதவில்லை. அதில் இயந்திர அமைப்புக்குரிய மாறிலிகள் லிஸ்ப், சி, அசெம்பிளி ஆகிய மூன்றிலும் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. நிரலின் ஒவ்வொரு மூலையையும் அறிந்த சிலர் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும் இடத்தில் அது பழுதின்றி நடக்கும். வாரத்தில் ஒரு மாலை மட்டும் கூடும் எங்களுக்கு அது நடக்கவில்லை.

எங்கள் சிம்பலில் தலைப்புச் சொல் (பொருளின் வகையைச் சொல்வது), மதிப்பு, பெயர், பண்புப் பட்டியல், பொதி (அந்தப் பெயர் சேர்ந்த தொகுதி) என 8 பைட் கொண்ட ஐந்து சொற்கள் இருந்தன. 16 பைட் எல்லைக்காக ஆறாவதாக ஒரு வெற்றுச் சொல் சேர்ந்து, மொத்தம் 48 பைட். தேடலை விரைவாக்க மதிப்புக்கும் பெயருக்கும் இடையில், பெயரிலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் எண்ணுக்கு ஒரு புலம் சேர்த்தோம். லிஸ்ப் பக்கத்தில் மாற்றிவிட்டு, சி பக்கத்தில் மாற்ற மறந்தோம். அளவு மாறியிருந்தால் சேகரிப்பான் அடுத்த பொருளைத் தேடும் முதற் கணத்திலேயே நிரல் விழுந்திருக்கும். ஆனால் புதிய புலம் வெற்றுச் சொல்லின் இடத்தை நிரப்பியதால் அளவு 48 பைட்டாகவே நின்றது, பிழை மறைந்துகொண்டது. சேகரிப்பான் ஹேஷை பெயர் என்றும், பெயரைப் பண்புப் பட்டியல் என்றும் எண்ணிக்கொண்டு நடந்தது. கடைசியிலிருந்த பொதியைப் பார்க்கவே இல்லை. பொதிகள் முழுச் சேகரிப்பின்போது மட்டுமே இடம்பெயர்பவை என்பதால் அந்தப் பிழையும் உடனே வெளிப்படவில்லை.

ஹேஷை நாங்கள் அடையாளமற்ற வெறும் 32 பிட் எண்ணாக வைத்திருந்தோம். எங்கள் அமைப்பில் கடைசி இரு பிட்டுகளும் 1 ஆக இருக்கும் சொல் சுட்டியாகக் கருதப்படும். ஆகவே நான்கில் ஒரு ஹேஷ் சுட்டிபோலத் தோற்றமளிக்கும். பொருள்கள் கிடக்கும் 64 மெகாபைட் குவியலை முகவரிவெளியின் முதல் 4 ஜிகாபைட்டுக்குள் வைத்திருந்ததால், அவற்றுள்ளும் 64இல் ஒன்று குவியலுக்குள் விழும். ஏறத்தாழ 256 சிம்பல்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சேகரிப்பான் ஒரு எண்ணைச் சுட்டி என்று நம்பி, அதை 'இடம்பெயர்த்து', ஹேஷை மாற்றி எழுதியது. சிறிய சோதனை நிரல்களில் ஒன்றும் நடக்கவில்லை. சில நூறு சிம்பல்களுள்ள நிரலில், சிம்பல்களை ஹேஷால் தேடும் அட்டவணை பெரிதான பிறகு, ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சிம்பல்கள் தோன்றின. இந்த அறிகுறியிலிருந்து காரணத்தை எட்ட எங்களுக்கு இரண்டு ஞாயிறுகள் முழுமையாகச் செலவாகின.

சி11இல் (சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தில்) உள்ள நிலைத்த உறுதிமொழிகளைக் கொண்டு ஆஃப்செட்டுகளைத் தொகுக்கும் நேரத்திலேயே சரிபார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்பர். அந்த உறுதிமொழியில் எழுதும் எண்ணும் கையால் எழுதப்படுவதே. ஒப்பிட வேண்டிய இடங்கள் ஒன்று கூடுகின்றனவே தவிர, மூலம் ஒன்றாகவில்லை. மேலும், இந்தப் புலத்தில் இருப்பது சுட்டியா, வெறும் எண்ணா என்பதை ஆஃப்செட் சொல்லாது. எங்களை வீழ்த்தியவற்றுள் பாதி அதுவே.

இரண்டாவது வழிக்கு வலுவான முன்மாதிரி ஈசிஎல் என்ற லிஸ்ப் தொகுப்பான். அது லிஸ்பைச் சி மொழிக்கு மாற்றித் தொகுக்கிறது. பொருள்களின் அமைப்பு சி தலைப்புக் கோப்பில் ஸ்ட்ரக்ட்களாக உள்ளது. ஆஃப்செட் கணக்கைச் சி தொகுப்பானே பார்த்துக்கொள்கிறது. அத்துடன் அது வழக்கமாகப் பயன்படுத்தும் போம் சேகரிப்பான், எந்தச் சொல்லும் சுட்டியாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு நோக்கிப் பொருள்களை இடம்பெயர்க்காமல் விடுவது. தொகுப்பானின் வெளியீடே சி என்றால் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. எங்கள் தொகுப்பான் இயந்திர நிரலை நேரே எழுதுவதால், ஸ்ட்ரக்டை அளந்து சொல்லும் இடைநிரல் ஒன்று தேவைப்பட்டது. அந்த இடைநிரல் இலக்கு இயந்திரத்திலேயே ஓட வேண்டும். மடிக்கணினியில் தொகுத்து ஏஆர்எம் வகைச் செயலியுள்ள பலகையில் ஓட்ட விரும்பும்போது இது தொல்லை. தலைப்புச் சொல்லில் வகைக்கு 8 பிட்டும் மிச்சம் நீளத்துக்கும் ஒதுக்க நினைத்தால், சி மொழியின் பிட் புலங்களின் வரிசை ஒவ்வொரு தொகுப்பானும் தானே முடிவுசெய்வதாக இருப்பதால் அவற்றை நம்ப முடியாது. அடையாளம் என்ன, எந்தச் சார்பு எந்தப் புலத்தைப் படிக்கிறது என்பவற்றைச் சொல்லவும் ஸ்ட்ரக்டில் இடமில்லை. எனினும் இந்த வழியை நாங்கள் மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் சோதிக்கவில்லை என்பதால், நீண்டகாலப் பராமரிப்பில் அது எப்படி என்று உறுதியாகச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

மூன்றாவது வழியைக் கற்றுக்கொண்டது எஸ்பிசிஎல்லிடமிருந்து. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிஎம்யுசிஎல் என்ற லிஸ்பிலிருந்து 1999இல் பிரிந்த அந்தத் தொகுப்பானில், அடிப்படைப் பொருள்கள் யாவும் 'டிஃபைன்-பிரிமிடிவ்-ஆப்ஜெக்ட்' என்ற மக்ரோவால் வரையறுக்கப்படுகின்றன. பெயர், சுட்டியின் அடையாளம், தலைப்பின் வகை, புலங்களின் வரிசை, ஒவ்வொரு புலத்தையும் படிக்கும் சார்பு, எழுதும் சார்பு, சி பக்கத்தில் அதன் வகை, நீளம் மாறும் கடைசிப் புலம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே வடிவத்தில் அடங்குகின்றன. கட்டமைப்பின் முதற் கட்டத்தில் 'ஜெனசிஸ்' என்ற பகுதி ஓடி, இவற்றிலிருந்து சி ஸ்ட்ரக்ட்களையும், அசெம்பிளிக்கெனக் காரின் ஆஃப்செட் −7, குடரின் ஆஃப்செட் 1 போன்ற மாறிலிகளையும் தலைப்புக் கோப்புகளாக எழுதுகிறது. ரன்டைம் (நிரல் ஓடும்போது துணைநிற்கும் சி பகுதி) அதற்குப் பின்னரே தொகுக்கப்படுகிறது. நூலிழைகளுக்குரிய (ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகளுக்குரிய) ஸ்ட்ரக்ட்கூட இதே மக்ரோவால் வரையறுக்கப்படுவது. எந்த வசதியோடு கட்டுகிறோமோ அதற்கேற்பப் புலங்கள் சேர்ந்தும் நீங்கியும் வருகின்றன, சி பக்கம் தானாகப் பின்தொடர்கிறது.

நாங்கள் எழுதிய மக்ரோ அதைவிட மிகச் சிறியது; நூற்றிருபது வரிகளுக்குள் முடிகிறது. ஒன்றை மட்டும் கூடுதலாகச் சேர்த்தோம்: ஒவ்வொரு புலத்துக்கும் அது சுட்டியா, வெறும் எண்ணா என்ற குறி. அதிலிருந்து ஒவ்வொரு வகைக்கும் சேகரிப்பான் பார்க்க வேண்டிய சொற்களின் அட்டவணையும் சி கோப்பாக வெளிவருகிறது. சில மாதங்களுக்குப் பின் சிம்பலில் நூலிழைக்குரிய ஒரு குறியெண்ணைச் சேர்க்க வேண்டி வந்தது. இம்முறை ஆறு சொற்களும் நிரம்பியிருந்ததால் அளவு 64 பைட்டாகத் தாவியது. ஒதுக்கும் நிரல், படிக்கும் சார்பு, சி ஸ்ட்ரக்ட், சேகரிப்பானின் அட்டவணை ஆகிய நான்கும் மாற வேண்டியிருந்தன. நாங்கள் மாற்றியது ஒரு வரி. அன்று மாலையே சோதனைகள் எல்லாம் தேறின. தெரிவை என் மனத்தில் உறுதிப்படுத்தியது அந்த மாலைதான்.

இந்த வழிக்குக் குறைகள் உண்டு. புதிதாக வருபவர் சி கோப்புகளில் சிம்பல் ஸ்ட்ரக்டைத் தேடினால், ஒருமுறை கட்டி முடிக்கும் வரை அது எங்கும் இராது. ஆகவே உருவாகும் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் மூலக்கோப்பின் பெயரை எழுதச் செய்திருக்கிறோம். கட்டும் வரிசை கட்டாயமாகிறது. தலைப்புக் கோப்பு ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதப்பட்டால் சி கோப்புகள் அனைத்தும் மீண்டும் தொகுக்கப்படும். உள்ளடக்கம் உண்மையில் மாறினால் மட்டும் எழுதுமாறு செய்த பிறகே அது தணிந்தது. மக்ரோவிலேயே வழு இருந்தால் இரு தரப்பும் ஒற்றுமையாகப் பிழைவிடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அது எங்களுக்கு ஒருமுறை நேர்ந்தது, ஆனால் பிழை எல்லாப் பொருள்களையும் ஒருசேரத் தாக்கியதால் சில நிமிடங்களில் அகப்பட்டது.

இயங்குதளத்துக்குரிய ஸ்ட்ரக்ட்களுக்கு மட்டும் நாங்கள் இரண்டாவது வழியையே வைத்திருக்கிறோம். அவற்றின் அமைப்பை முடிவுசெய்வது நாங்கள் அல்ல, சி நூலகம். எஸ்பிசிஎல்லும் அவற்றை ஒரு சிறிய சி நிரலால் அளந்தே லிஸ்புக்கு எடுத்துக்கொள்கிறது.

32 பிட் இயந்திரத்தில் எங்கள் தொகுப்பானை ஓட்டியதில்லை. ஏஆர்எம் 64 பலகை ஒன்று தெஹிவளையிலுள்ள நண்பரிடம் இருக்கிறது; அதில் இதுவரை இரண்டு தடவைதான் சோதித்தோம். அங்கே 8இன் மடங்கல்லாத ஆஃப்செட்டை −256 முதல் 255 வரை மட்டுமே ஒரே கட்டளையில் தர முடியும், ஆகவே முப்பதுக்கு மேற்பட்ட புலங்களுள்ள எங்கள் நூலிழைப் பொருளின் கடைசிப் புலங்களை எட்ட இன்னொரு கூட்டற் கட்டளை தேவைப்படுகிறது. அந்தப் பொருளுக்கு மட்டும் அடையாளத்தை நீக்கிவிட்டால் ஆஃப்செட்டுகள் 8இன் மடங்குகளாகிவிடும். மக்ரோவில் அதற்குரிய ஒரு சொல்லை மாற்றி, வருகிற ஞாயிறு அந்தப் பலகையில் ஓட்டிப் பார்க்க இருக்கிறோம்.