‘எல்எஸ்’ சளி சிரப்: யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது

மெடிக்கல் ஷாப்பில் போய் “நெஞ்சுச் சளி, இருமல் மருந்து கொடுங்க” என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பெயருக்குப் பின்னால் ‘எல்எஸ்’ போட்ட சிரப்தான். ஆஸ்கொரில் எல்எஸ் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அதே கலவையை வேறு பெயர்களில் இன்னும் பல கம்பெனிகள் விற்கின்றன. அதனால் இது பிராண்டைப் பற்றிய மதிப்பீடு இல்லை, கலவையைப் பற்றியது: 5 மி.லி.யில் ஆம்ப்ராக்சால் 30 மி.கி., லெவோசால்புட்டமால் 1 மி.கி., குவைஃபெனசின் 50 மி.கி.

நெஞ்சில் சளியும் வீசிங்கும் சேர்ந்திருக்கிற பெரியவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தால் சில நாளைக்குச் சாப்பிடலாம். வீசிங் இல்லாத வெறும் சளிக்கு இது தேவைக்கு மேல். வறட்டு இருமலுக்குத் தண்டம்.

மூன்றில் உருப்படியாக வேலை செய்வது ஆம்ப்ராக்சால். கெட்டியான சளியை இளக்கி, இருமினால் வெளியே வரும்படி செய்யும். இதன் மூத்த உறவு ப்ரோம்ஹெக்ஸின். அது ஆடாதொடை இலையில் உள்ள வாசிசின் என்ற பொருளைப் பார்த்துச் செயற்கையாக உருவாக்கப்பட்டது. ப்ரோம்ஹெக்ஸின் உடலுக்குள் போனதும் ஆம்ப்ராக்சாலாகவும் மாறும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே ப்ரோம்ஹெக்ஸின் சிரப் ஓடிக்கொண்டிருந்தால் இதையும் சேர்ப்பது ஒரே மருந்தை இரண்டு பாட்டிலிலிருந்து குடிப்பதுதான்.

சளியை நீர்க்கச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் குவைஃபெனசின் விஷயத்தில் கணக்கு உதைக்கிறது. அமெரிக்காவில் இது தனி மருந்தாகவே விற்கிறது. அங்கே பெரியவருக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 200 முதல் 400 மி.கி. இந்தச் சிரப்பில் அந்த 200 மி.கி. கிடைக்க வேண்டுமானால் ஒரே நேரத்தில் 20 மி.லி. குடிக்க வேண்டும். அதோடு 4 மி.கி. லெவோசால்புட்டமாலும் உள்ளே போய்விடும். அது ஒரு வேளைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவைவிட அதிகம். ஆக, லேபிளில் பெரிதாக எழுதியிருந்தாலும் குவைஃபெனசின் இங்கே பெயருக்குத்தான் இருக்கிறது. “கேக்கலையே, இன்னும் கொஞ்சம் ஊத்திக்குவோம்” என்று அளவைக் கூட்டுவது ஏன் தவறு என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். ஒன்றைக் கூட்டினால் மூன்றும் கூடும்.

படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் கெடுவது எல்லாம் லெவோசால்புட்டமாலின் வேலை. சுருங்கிய மூச்சுக்குழாயை விரிப்பதுதான் அதன் பணி. குழாய் சுருங்காதவருக்கு இருமலில் பெரிய பலன் கிடைக்காது, பக்கவிளைவு மட்டும் கிடைக்கும். 1 மி.கி. லெவோசால்புட்டமால் ஏறக்குறைய 2 மி.கி. சாதாரண சால்புட்டமாலுக்குச் சமம். சால்புட்டமால் இன்ஹேலர் அடிப்பவர்கள், நெபுலைசர் வைப்பவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் இந்தச் சிரப்பைத் தொடக் கூடாது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள், ஃப்யூரோசமைட் போன்ற நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் விஷயத்திலும் அதேதான். கடைசியாகச் சொன்ன மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும், லெவோசால்புட்டமாலும் குறைக்கும். சர்க்கரை நோயாளிக்கு இரட்டைச் சிக்கல்: மருந்தே சர்க்கரையை ஏற்றும், சிரப்பின் இனிப்பும் ஏற்றும். ‘சுகர் ஃப்ரீ’ வகைகளில் இனிப்புக்குச் சார்பிட்டால் சேர்த்திருந்தால் சிலருக்கு வயிறு இளகும்.

கடையில் நடக்கிற பெரிய தவறு பெயர்க் குழப்பம். ஆஸ்கொரில் எல்எஸ் சளியை இளக்க. ஆஸ்கொரில் டி வறட்டு இருமலை அடக்க. அதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருக்கிறது. முன்பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். பெனாட்ரில், பெனாட்ரில் டிஆர் இரண்டுக்கும் இடையிலும் வித்தியாசம் உண்டு. சளி இளகி வெளியேறப் பார்க்கும் நேரத்தில் இருமலையும் அடக்கினால் சளி உள்ளேயே தங்கும். அதனால் பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் ‘காம்போசிஷன்’ பகுதியைப் படியுங்கள். கடைக்காரர் ‘செட்’ போட்டுக் கொடுக்கும் சளி மாத்திரையையும் அப்படியே பாருங்கள். அதில் பெரும்பாலும் பாராசிட்டமாலும், குளோர்ஃபெனிரமினும் இருக்கும். முன்னது காய்ச்சல் மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மீறும். பின்னது சளியை உலர்த்தும், தூக்கமும் வரும்.

அளப்பதில் சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். டேபிள்ஸ்பூன் ஒன்று 15 மி.லி. பிடிக்கும்; ‘ஒரு ஸ்பூன்’ என்று அதில் ஊற்றினால் மூன்று மடங்கு போய்விடும். பாட்டிலோடு வரும் மூடிக்கோப்பையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அந்தக் கோட்டின் உயரத்துக்குக் கொண்டுபோய் ஊற்றுங்கள். கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து பார்த்தால் அளவு தவறும். குழந்தைக்கு ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்ச்தான் சரி. ‘டிராப்ஸ்’ என்றால் நீர்த்த மருந்து என்ற நினைப்பும் ஆபத்து. டிராப்ஸில் அளவு 1 மி.லி.க்கு எழுதியிருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு. ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் குழந்தைக்குப் பல மடங்கு போகும்.

சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள். ஆம்ப்ராக்சால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், அல்சர் உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கடைசி வேளையைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளாமல் மாலை ஆறு, ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. இளகிய சளி இரவெல்லாம் இரும வைக்கும், லெவோசால்புட்டமால் தூங்கவும் விடாது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக்கக் கூடாது. தோலில் தடிப்போ, வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்ஸின் இரண்டுக்கும் அரிதாகக் கடுமையான தோல் பாதிப்பு வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015-லேயே எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் தாமாக எடுக்கவே வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்துக்கு வந்தால் இந்தச் சிரப்புக்கு நம் மதிப்பெண் சட்டென்று இறங்குகிறது. 2 வயதுக்குள் இருமல், சளி மருந்துகள் கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. அதற்குப் பின்னணி கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் இருந்தது, அனுமதிக்கப்படுவது 0.1 சதவீதம். அது எல்எஸ் கலவை இல்லை, ஜலதோஷ மருந்து. ஆனால் நஞ்சு வந்த வழி எந்தச் சிரப்புக்கும் பொது: மருந்தைக் கரைக்கும் திரவம். மருந்துத் தரத்தில் புரப்பிலீன் கிளைக்காலோ கிளிசரினோ இருக்க வேண்டிய இடத்தில் மலிவான தொழிற்சாலைச் சரக்கு நுழைந்துவிடுகிறது. அதுவும் இனிப்பாகவே இருக்கும். நிறத்திலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் செய்ய முடிந்தது இவ்வளவுதான்: பேட்ச் எண் போட்ட பில் வாங்குங்கள், காலி பாட்டிலைக் குழந்தை தேறும் வரை எறியாதீர்கள். சிரப் கொடுக்கத் தொடங்கிய பின் வாந்தி, வயிற்றுவலி, வழக்கத்தைவிடச் சிறுநீர் குறைவது என்று தெரிந்தால் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் அரை டீஸ்பூன் தேன் கொடுத்தால் இருமல் கொஞ்சம் அடங்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரும் அபாயம் உண்டு. கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிப்பது குழந்தைக்குச் சூட்டுக்காயத்தில் முடியலாம். சிரப்பைவிட முக்கியம் மூச்சை எண்ணுவது: குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 11 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால், அல்லது மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்வாங்கினால், அது நிமோனியாவாக இருக்கலாம். எந்த இருமல் சிரப்பாலும் அது சரியாகாது.

வீசிங் இல்லாத பெரியவர் டாக்டரிடம் ஆம்ப்ராக்சால் மட்டும் உள்ள 30 மி.கி. மாத்திரை போதுமா என்று கேட்டுப் பார்க்கலாம். சர்க்கரையும் இல்லை, கரைப்பானும் இல்லை, ஸ்பூன் குழப்பமும் இல்லை, கையும் நடுங்காது. சாதாரண ஜலதோஷ இருமல் எதுவுமே குடிக்காவிட்டாலும் இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கும். ஆனால் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அது காசநோயாகவும் இருக்கலாம் என்பதால் இன்னொரு பாட்டில் வாங்காமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்ச் சோதனை அங்கே இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், எடை குறைவு இருந்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம்.