கம்பெனி ஆண்டால் நல்லதா? டெல்டா பார்த்த மூன்று வகை

"நாட்டை ஒரு நல்ல கம்பெனியிடம் ஒப்படைத்தால் அஞ்சே வருஷத்தில் சரியாகிவிடும்" என்ற பேச்சு இப்போது கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் சாதாரணமாகக் காதில் விழுகிறது. தூர்வாராத வாய்க்காலையும், கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனையும் நெல்லையும் பார்த்துச் சலித்தவர்கள் அப்படிப் பேசுகிறார்கள். அந்தச் சலிப்பு நியாயமானது. ஆனால் கம்பெனி ஆட்சி எப்படி இருக்கும் என்று இந்த மண் கற்பனை செய்துபார்க்க வேண்டியதில்லை. கம்பெனியே ஆண்டது, கம்பெனிக்காரர்கள் ஆள்பவரை ஆட்டிவைத்தது, அரசே கம்பெனி நடத்துவது என மூன்றையும் டெல்டா பார்த்திருக்கிறது.

முதல் வகைக்குத் தரங்கம்பாடி போதும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கோட்டை கட்டியது. லாபம் கைகூடவில்லை. 1639க்குப் பிறகு, கிட்டத்தட்ட 30 ஆண்டுகள், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூடப் புறப்படவில்லை. நடுவில் 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் மிஞ்சியவர்கள் தாங்களாகவே சமாளித்துக்கொண்டார்கள். நஷ்டம் என்றால் கம்பெனி கடையைக் கட்டிவிடும், ஊர் எங்கே போகும்?

ஆங்கிலக் கம்பெனியின் நேரடி ஆட்சி இதைவிட நீண்டது. 1799இல் இரண்டாம் சரபோஜியிடமிருந்து தஞ்சை நிர்வாகம் அதன் கைக்குப் போனது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் பெருமளவு கொள்ளிடத்துக்கு ஓடி, காவிரி மணல் மேடாகிக்கொண்டிருந்தபோது, பொறியாளர் ஆர்தர் காட்டனை வைத்து 1836இல் திருச்சி அருகே முக்கொம்பில் மேலணை கட்டியது கம்பெனி அரசுதான். அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் தஞ்சையின் நிலவரி கம்பெனிக்குப் பெரிய வருமானம். வயல் காய்ந்தால் வரி போகும். கம்பெனிக்கு வேண்டியதும் குடியானவனுக்கு வேண்டியதும் அங்கே தற்செயலாக ஒன்றாக இருந்தன. வரி கட்டியவனுக்கு அந்த நிர்வாகத்தில் ஒரு ஓட்டுகூட இல்லை.

இரண்டாவது வகையைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 1773இல் ஆற்காடு நவாப், கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தார். அந்த நவாபோ சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடமே கழுத்தளவு கடன்பட்டிருந்தவர். அவர்களில் ஒருவர் பால் பென்ஃபீல்ட். கம்பெனியில் அவர் சம்பளம் சொற்பம். ஆனால் தஞ்சையின் வரி வருமானத்தின் மீதும், வயலில் நின்ற பயிரின் மீதும் தனக்கு 2,30,000 பவுண்டுக்கு மேல் பாத்தியதை உண்டு என்றார். அறுப்பதற்கு முன்பே விளைச்சல் கடன்காரன் கணக்கில் ஏறிவிட்டது.

1776இல் கம்பெனியின் சென்னை ஆளுநர் பிகட் பிரபு, லண்டன் உத்தரவுப்படி தஞ்சையை மன்னரிடமே திருப்பிக் கொடுத்தார். பென்ஃபீல்டின் கோரிக்கையையும் ஏற்க மறுத்தார். அதே ஆகஸ்டில் அவருடைய சொந்த ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினரே அவரைக் கைது செய்தார்கள். மறுவருடம் காவலிலேயே இறந்தார். பென்ஃபீல்ட் 1780இல் இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். ஆற்காட்டுக் கடன் விவகாரத்தை 1785இல் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் அதே நாடாளுமன்றத்தில் கிழித்துப் பேசினார், அப்படியும் கடன்காரர்களுக்குத்தான் சாதகமாக முடிந்தது. இதில் வரி வசூலித்தது நவாபின் ஆள். குடியானவன் திட்டியிருந்தால் நவாபைத்தான் திட்டியிருப்பான்.

இன்றைக்கும் கவலை அதுவேதான். ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று வரம்பு இருந்தது. 2017இல் அதை எடுத்தார்கள். அப்புறம், வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகத் தரும் தேர்தல் பத்திரம் வந்தது; அதில், யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ஓட்டுப் போடுகிறவனுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது. அத்தனை ஆண்டுகள் பணம் மறைவாகப் பாய்ந்ததை அந்தத் தீர்ப்பு திரும்ப எடுத்துவிடாது.

மூன்றாவது, அரசே கம்பெனி நடத்துவது. இதுவும் சுத்தமல்ல. கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது ஓஎன்ஜிசி என்ற பொதுத்துறை நிறுவனத்தின் குழாயில்தான். கேள்வி கேட்ட ஊர்மேல் தடியடி நடந்தது. ஆனால் இங்கே சட்டையைப் பிடித்துக் கேட்க ஆள் இருக்கிறது: தகவல் உரிமைச் சட்டம், சட்டமன்றம், தேர்தல். 2010இல் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை நிறுத்தவைத்ததும் இதே வழிதான். இயற்கை வேளாண்மைக்காகப் போராடிய நம்மாழ்வார் தன் கடைசி நாட்களை அதற்குத்தான் கொடுத்தார். 2020 பிப்ரவரியில், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. 2023 ஏப்ரலில் வடசேரி உட்பட டெல்டாவின் மூன்று நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது, எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே அவற்றை நீக்கினார்கள். பங்குதாரர் கூட்டம் நடத்தும் ஆட்சியில் வடசேரிக்காரர் பேச்சு எடுபட்டிருக்குமா?

ஆகவே என் தேர்வு மந்தமான, சலிப்பூட்டும், ஓட்டுக்குப் பயப்படும் அரசுதான். அதில் உடனே அடைக்க வேண்டிய ஓட்டைகள் உண்டு. 2020 சட்டம் அதற்கு முன்பே நடந்துவந்த வேலைகளைத் தொடாது. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களை அது சேர்க்கவுமில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று மத்திய அரசு விதியை மாற்றியது. அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கட்டாயமாக்க வேண்டும். டெல்டா எம்.பி.க்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், முதலில் அவர்களிடம் இதைக் கேட்போம்.