பல்கலைக்கழக ஐடி கொள்கை: எல்லாம் ஒரே ஆவணமா, அடுக்கு முறையா?

எங்கள் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பக் கொள்கையைப் புதிதாக எழுதி, ஆட்சிக்குழுவின் ஒப்புதல் வரை கொண்டுபோன குழுவில் நானும் இருந்தேன். மாநிலப் பல்கலைக்கழகம், விடுதிகளோடு கூடிய பழைய வளாகம். எழுத உட்காரும் முன்பே ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. வைஃபை, மின்னஞ்சல், பாஸ்வேர்டு, லாக் (யார் எப்போது எதைப் பயன்படுத்தினார் என்று கணினிகள் வைக்கும் பதிவு), மென்பொருள் உரிமம் என்று எல்லாவற்றையும் ஒரே தடித்த ஆவணமாக்கி ஆட்சிக்குழுவில் வைப்பதா? அல்லது ஏழெட்டுப் பக்கத்தில் கொள்கையை மட்டும் அங்கே வைத்துவிட்டு, எண்களும் நடைமுறைகளும் அடங்கிய தரநிலைகளை ஓர் ஐடி குழுவின் பொறுப்பில் விடுவதா? நாங்கள் இரண்டாவதை, அதாவது அடுக்கு முறையைத் தேர்ந்தெடுத்தோம். வேறு பல்கலைக்கழக நண்பர்கள் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வழியும் நடப்பில் உண்டு. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு ஐடி கொள்கை கேட்கிறது என்றதும், வேறொரு நிறுவனத்தின் ஆவணத்தை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றிவிடுவது. அப்படி வந்த கொள்கைகளில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இன்னும் எச்சரிக்கையாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிரிவு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்த வழியை இதற்கு மேல் அலசத் தேவையில்லை.

ஒரே ஆவணத்துக்கு உண்மையான பலங்கள் உண்டு. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஒரே தீர்மானம், ஒரே தீர்மான எண். எந்த வரிக்கு யார் ஒப்புதல் கொடுத்தார்கள் என்ற சந்தேகமே எழாது. ஒரு மாணவர் மேல் நடவடிக்கை எடுத்து அது நீதிமன்றம் வரை போனாலும், முழு ஆவணமும் ஆட்சிக்குழு ஏற்றது என்று காட்டிவிடலாம். எங்கள் குழுவில் சட்டம் தெரிந்த மூத்த பேராசிரியர் ஒருவர் இந்தக் காரணத்துக்காகவே கடைசி வரை அதன் பக்கம் நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னை அடுக்கு முறையின் பக்கம் தள்ளியது திருத்தம்தான். கொள்கையை ஒருமுறைதான் எழுதுகிறோம். அப்புறம் வருஷக்கணக்கில் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வரியை மாற்ற என்ன ஆகிறது என்று பாருங்கள். கணினி மையம் குறிப்பு எழுதும். ஐடி குழு கூடிப் பரிந்துரைக்கும். கோப்பு பதிவாளர் அலுவலகம் போகும், சட்டப் பிரிவின் கருத்துக்குப் போய்த் திரும்பி வரும். நிகழ்ச்சி நிரலில் இடம் கிடைக்க வேண்டும். ஆட்சிக்குழுவில் அரசுச் செயலர்களும் உறுப்பினர்கள், அவர்களுக்கும் ஒத்துவருகிற தேதி அமைய வேண்டும். அன்றைக்குப் பதவி உயர்வு, கட்டடம், தேர்வுக் கட்டணம் எல்லாம் முடிந்த பிறகுதான் இது வரும். நேரம் இல்லையென்றால் அடுத்த கூட்டம். துணைவேந்தர் பதவி காலியாகி ஒருங்கிணைப்புக் குழு நடத்தும் காலமென்றால், இதுபோன்ற கோப்புகளை யாரும் அவசரமாக நகர்த்துவதில்லை.

வெளியுலகம் அதுவரை காத்திருக்காது. கூகுள் நிறுவனம் கல்விக் கணக்குகளுக்கு அளவில்லாமல் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை, நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற அடிப்படை அளவுக்குள் சுருக்கப்போவதாக 2021-இல் அறிவித்து 2022-இல் நடைமுறைப்படுத்தியது. முன்னாள் மாணவர்களுக்கு வாழ்நாள் மின்னஞ்சல் என்று ஆட்சிக்குழுத் தீர்மானத்திலேயே எழுதி வைத்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதே 2022 ஏப்ரலில், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு வந்தது. இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கொள்கையில் 90 நாள் என்று எழுதியிருந்தால் அந்த ஓர் எண்ணுக்காக மேலே சொன்ன பயணம் முழுவதும் போக வேண்டும். அந்த வருட நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது, யாருடைய கொள்கையிலும் அதற்கு இடம் இருக்கவில்லை. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் அதன் விதிகள்.

ஒரே ஆவணம் வைத்திருப்பவர்கள் இதைச் சுற்றறிக்கை போட்டுச் சமாளிக்கிறார்கள். அங்கேதான் எனக்குப் பெரிய கவலை. நான்கு வருடத்தில் பத்துச் சுற்றறிக்கை சேர்ந்துவிட்டால், கணினி மையம் செய்வது ஒன்று, ஒப்புதல் பெற்ற ஆவணம் சொல்வது இன்னொன்று என்று ஆகிவிடும். தணிக்கைக்கு வருபவர் தீர்மானத்தைத்தான் கையில் எடுப்பார். நியாயமாக வேலை பார்த்த சிஸ்டம் அட்மின், விதியை மீறியவராகப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். அவசரத்துக்குத் துணைவேந்தரின் தனி அதிகாரம் இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகச் சட்டங்களில் அது உண்டுதான். ஆனால் லாக் எத்தனை நாள் என்பதற்கெல்லாம் அதை எடுப்பது முறையாகாது. எடுத்தாலும் அடுத்த ஆட்சிக்குழுவில் வைத்தாக வேண்டும்.

பாஸ்வேர்டு வரியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பழைய ஆவணங்களில் இப்படி இருக்கும்: “பயனர்கள் 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.” தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பே 2017-இல், நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் மாற்றச் சொன்னால் போதும் என்று சொல்லிவிட்டது. அடுக்கு முறையில் இந்த வரி இரண்டாகப் பிரியும். மேலே, ஆட்சிக்குழு ஏற்கும் கொள்கையில்: “தம் பெயரில் உள்ள கணக்கைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது, ஐடி குழு வெளியிடும் தரநிலைப்படி அதைப் பாதுகாக்க வேண்டும்.” கீழே, தரநிலையில்: குறைந்தபட்ச நீளம், இரட்டைச் சரிபார்ப்பு யாருக்குக் கட்டாயம், எப்போது மாற்றச் சொல்வது. மேல் வரி பத்து வருடம் நிற்கும். கீழ் வரியை ஒரு மாதத்தில் திருத்தலாம்.

எது மேலே, எது கீழே என்பதில் நாங்கள் பிடித்துக்கொண்ட கயிறு இதுதான்: ஒரு வரி மனிதரின் உரிமையைத் தொட்டால் அது மேலே. தண்டனை, கண்காணிப்பு, ஒருவருடைய மின்னஞ்சலை யார் உத்தரவின் பேரில் திறக்கலாம் என்பது, விடுதியில் இணையத்தை நிறுத்தும் அதிகாரம், மேல்முறையீடு எல்லாம் ஆட்சிக்குழுவில்தான். எண், கருவி, கம்பெனிப் பெயர், படிவம் எல்லாம் கீழே. இதில் கறாராக இருந்ததற்குக் காரணம் உண்டு. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை மொபைல் கூடாது என்ற விதியை ஏற்காத மாணவியை வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. அத்தகைய விதியை ஒரு துணைக்குழு தன்போக்கில் போட்டுவிடக் கூடாது.

மூத்த பேராசிரியரின் கவலைக்கும் விடை தீர்மானத்தின் வாசகத்தில்தான் கிடைத்தது. தரநிலைகளை வெளியிடவும் திருத்தவும் ஐடி குழுவுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது, கொள்கைக்கு முரணான தரநிலை செல்லாது, திருத்தங்கள் அடுத்த கூட்டத்தில் தகவலுக்காக வைக்கப்படும் என்று மூன்றையும் தீர்மானத்திலேயே எழுதினோம். இது இல்லாமல் அடுக்கு முறைக்குப் போகாதீர்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: தரநிலைகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்து “இணைப்புகளுடன் ஒப்புதல் அளிக்கப்படுகிறது” என்று தீர்மானம் வந்துவிட்டால், அவையும் ஆட்சிக்குழு ஏற்ற ஆவணமாகிவிடும். பிறகு ஒரு கமாவை மாற்றவும் திரும்ப அங்கேயே போக வேண்டும். ஒப்புதலுக்குக் கொள்கை, தகவலுக்குத் தரநிலை என்று நிகழ்ச்சி நிரலிலேயே இரண்டு தனி உருப்படிகளாகப் போடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இது பழகிப்போன ஏற்பாடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஐஎஸ்-3 என்ற தகவல் பாதுகாப்புக் கொள்கையை மேலே வைத்து, குறைந்தபட்சப் பாதுகாப்பு, லாக் பதிவு போன்றவற்றைத் தனித் தரநிலைகளாக அதன்கீழ் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே அதற்கென்றே முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். நம் கணினி மையங்களில் சர்வர் பார்ப்பவரேதான் தரநிலையும் எழுத வேண்டும். அடுக்கு முறையின் பலவீனம் இது. ஐடி குழு கூடாமல் போனால் கீழ் அடுக்கு வெறும் தாளாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டம் கட்டாயம், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், நூலகம், விடுதிக் காப்பாளர்கள், மாணவர்கள் தரப்பில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று கொள்கையிலேயே எழுதினால் ஓரளவு காப்பாற்றலாம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். அங்கே நிர்வாகக் குழு அடிக்கடி கூடுமானால் ஒரே ஆவணத்தின் திருத்தச் சிக்கல் பாதியாகக் குறையலாம், உள்ளே இருந்து பார்த்ததில்லை. தரவுப் பாதுகாப்பு விதிகளிலும் அப்படித்தான். முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 18 வயது நிறையாதவர் அந்தச் சட்டப்படி குழந்தை, முதலாண்டில் சேர வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் ஒப்புதலை எப்படி வாங்குவது என்பதற்கு நாங்கள் எழுதியிருப்பது முதல் வரைவு மட்டுமே. தரநிலையில் வைத்திருப்பதால் அனுபவம் வர வரத் திருத்துவோம்.

ஓர் ஆய்வகமும் ஒரு ஃபயர்வாலும் மட்டும் வைத்திருக்கும் சிறிய கலைக் கல்லூரி என்றால், பத்துப் பக்கத்தில் ஒரே ஆவணம் போதும். அங்கே கல்லூரிக் குழுவும் ஐடி குழுவும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அப்போதும் எண்களை மட்டும் தனி அட்டவணையாகப் பிரித்து, அதை முதல்வரே திருத்தலாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.