அஞ்சு மணி செட்டு: பாம்பன்ல உக்காந்து அஞ்சு வருஷமா லைவ் ஜாஸ்

வீட்ல உக்காந்து ஆன்லைன்ல ஜாஸ் கச்சேரிய லைவா பாக்குறது காசுக்கு வொர்த்தா, யூடியூப்ல கெடக்குற பழசையே பாத்தா பத்தாதான்னு ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. ஒரு வரில சொல்ல வரல, அதான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் மெடிக்கல் பில்லிங்ல ஏஆர் காலர், அதாவது ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பில் காச இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட போன்ல கேக்குற வேலை. 2020 லாக்டவுன்ல சென்னைல இருந்து சிஸ்டத்த தூக்கிக்கிட்டு பாம்பனுக்கு வந்தவன், அப்படியே இங்கனயே தங்கிட்டேன். ஜாஸ் எப்படி புடிச்சதுன்னு கேட்டா சிரிப்பீங்க. அமெரிக்கா இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டா நாப்பது நிமிஷம் ஹோல்டுல போட்டுருவாங்க, அதுல ஒரு சாக்ஸபோன் ஓடும். மத்தவங்களுக்கு அது எரிச்சல், எனக்கு மட்டும் என்னமோ ஆகிப்போச்சு. அதுவும் நெஜ ஜாஸ் இல்ல, சீனி போட்டுக் கலக்குன ஜாஸுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு, ஆனா வாசப்படி அதுதான்.

ஷிப்ட் முடிய விடியக்காலை நாலு ஆயிரும், படுத்தா தூக்கம் வராது. கச்சேரில ஒரே மூச்சா வாசிக்கிற ஒரு பகுதிக்கு செட்டும்பாங்க, நியூயார்க்ல ராத்திரி ஏழரை மணி செட்டுன்னா நமக்கு விடியக்காலை அஞ்சு. அப்பா நாட்டுப்படகுல போறவரு, கடலுக்குப் போற நாள்ல அவர் கெளம்புற நேரமும் அதுதான். அம்மா கடுங்காப்பி போடுவாங்க, ஒரு டம்ளர் அவருக்கு, ஒண்ணு எனக்கு. அவர் வலையப் பாப்பாரு, நான் ஹெட்செட்ட மாட்டுவேன்.

ஆரம்பத்துல அப்பா கேட்டாரு, "அங்க இப்ப என்ன நேரம்டா?"

"நேத்து ராத்திரிப்பா."

"நேத்து ராத்திரின்னா அது முடிஞ்சுபோச்சே, அத ஏன் இப்ப குத்தவச்சுப் பாக்குற?"

இல்லப்பா, அங்க நேத்து ராத்திரி இப்பதான் நடக்குதுன்னு சொன்னேன். தலைல துண்டக் கட்டிக்கிட்டு போயிட்டாரு.

நான் மொத மொதல்ல ஒழுங்கா உக்காந்து பாத்தது எம்மெட் கோஹன்னு ஒரு பியானோகாரர். 2020 மார்ச்ல எல்லாத்தையும் மூடுனப்ப நியூயார்க் ஹார்லெம்ல இருக்க தன் அபார்ட்மென்ட்லயே திங்கக்கிழமைதோறும் வாசிச்சு லைவ் விட ஆரம்பிச்சாரு, டபுள் பாஸுக்கு (ஆளுயரத்துக்கு நிக்கிற தந்தி வாத்தியம், சுருக்கமா பாஸ்) ரஸ்ஸல் ஹால், ட்ரம்ஸுக்கு கைல் பூல். அவங்க திங்க ராத்திரி நமக்கு செவ்வாய் காலைல. யூடியூப்லயே வரும், காசு கெடையாது. பின்னாடி கெஸ்ட்டெல்லாம் வர ஆரம்பிச்சாங்க. சமாரா ஜாய்னு ஒரு பொண்ணு, அந்த வீட்ல நின்னு பாடுனத பாத்துட்டு இது எங்கயோ போகப்போகுதுன்னு சொன்னேன், 2023ல கிராமில பெஸ்ட் நியூ ஆர்டிஸ்ட் வாங்குச்சு. நான் சொன்னத கேக்கத்தான் வீட்ல ஆளில்ல. அந்த ரூம பாத்தீங்கன்னா நம்ம வீட்டு முன்கட்டு மாதிரிதான், பியானோவப் போட்டா மீதி எடம் காலு வைக்க மட்டும். அதனாலயே ஒட்டிக்கிச்சு போல. மேடையில வாசிக்கிறவங்கள பாத்தா அவங்க வேற நாம வேறன்னு தோணும், வீட்ல வாசிக்கிறவங்கள வீட்ல இருந்தே பாத்தா அப்படித் தோணாது.

அப்பறம் ஜாஸ் வாசிக்கிற கிளப்புகள். ஸ்மால்ஸுன்னு ஒண்ணு, கிரீன்விச் வில்லேஜ்ல பேஸ்மென்ட்டுக்குள்ள, 1994ல தொறந்தது, கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடியே கச்சேரிய நெட்ல விட்டவங்க. வில்லேஜ் வேன்கார்டு 1935ல இருந்து இருக்கு, அதுவும் பேஸ்மென்ட்டுதான், அவங்க 2020 ஜூன்ல காலி கிளப்ல வாசிக்க வச்சு டிக்கெட் போட்டு லைவ் விட்டாங்க.

அந்தக் காலி கிளப் கச்சேரிகளப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். வாசிப்புல ஒரு குறை கெடையாது. ஆனா ஒருத்தர் தனியா வாசிக்கிற சோலோ முடிஞ்சதும் ஒரு அமைதி விழும் பாருங்க, சாவு வீட்டு அமைதி. கைதட்டு வரவேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல, வாசிச்சவரு பக்கத்துல பாப்பாரு, பாஸ்காரர் லேசா சிரிப்பாரு, அம்புட்டுதான். இதே வேன்கார்டுல 1961 ஜூன் 25ல பில் எவான்ஸுன்னு ஒரு பியானோகாரரோட ட்ரியோ (மூணு பேர் குழு) வாசிச்சத பதிவு பண்ணிருக்காங்க, அதுல கிளாஸ் இடிக்கிற சத்தம், யாரோ பேசுறது எல்லாம் கேக்கும். அதுல பாஸ் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ பதினோரு நாள் கழிச்சு கார் ஆக்சிடென்ட்ல போயிட்டாரு. அந்தக் கிளாஸ் சத்தம் ஒரு தொந்தரவுன்னு நெனச்சுட்டு இருந்தவன் நான், காலி கிளப் கச்சேரிகளப் பாத்தப்பறம்தான் அதத் தேட ஆரம்பிச்சேன். 2021ல ஆளுங்க திரும்ப கிளப்புக்குள்ள வந்தப்ப எவனோ இருமுனான், எனக்கு அம்புட்டு சந்தோசம்.

சரி, சாமான் விஷயத்துக்கு வருவோம். மொத வருஷம் போன் ஸ்பீக்கர்ல கேட்டேன், சுத்த வேஸ்ட்டு. டபுள் பாஸோட அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், போன் ஸ்பீக்கர்ல அந்த அடிச்சத்தம் வரவே வராது, டக்கு டக்குன்னு வெரல் படுற சத்தம் மட்டும் வரும். ஜாஸ்ல பாஸ் இல்லேன்னா நங்கூரம் இல்லாத வல்லம் மாதிரி, அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். வயர் வச்ச ஹெட்போன் ஒண்ணு வாங்குங்க, ஆயிரத்தைநூறுக்குள்ளயே நல்லது கெடைக்கும். ஆனா கடலோரத்து ஆளுங்களுக்கு ஒண்ணு, உப்புக்காத்துல அந்த பின் களிம்பு புடிச்சு ஒரு காதுல மட்டும் கேக்கும், நான் இதுவரைக்கும் மூணு ஹெட்போன் மாத்திட்டேன். இப்ப டப்பால அரிசி போட்டு அதுக்குள்ள வைக்கிறேன், நாலாவது ரெண்டு வருஷமா ஓடுது.

நெட்டு மெதுவா இருந்தா மொத அடி வாங்குறது ட்ரம்ஸ்ல இருக்க சிம்பல்தான், அந்தப் பித்தளைத் தட்டு. ஸ்ட்ரீம் தானா தரத்தக் கொறைக்கும்போது படம் மங்குறது பெருசில்ல, சிம்பல் சத்தம் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஷ்ஷ்னு கொழகொழத்துப் போகும். கம்பி ப்ரஷ்ஷ வச்சு ஸ்நேர்ங்கிற சின்ன ட்ரம்ல தேய்க்கிறது, கரைல அலை திரும்பிப் போறப்ப வர்ற சத்தம் மாதிரி இருக்கும், அதுவும் போயிரும். இதுக்கு என் வழி, ஆடியோ மட்டும் தர்ற வசதி இருந்தா அதப் போட்டுட்டு படத்த விட்டுருவேன். 128 கேபிபிஎஸ் ஆடியோன்னா ஒரு மணிக்கு 58 எம்பிக்குள்ளதான், அதே ஒரு எம்பிபிஎஸ் வீடியோன்னா 450 எம்பி. டெய்லி ஒன்றரை ஜிபி பேக் போட்டவங்க கணக்குப் பண்ணிக்கங்க.

இன்னொண்ணு, லைவுன்னாலும் அது இருபது முப்பது செகண்டு பிந்தித்தான் வரும், கேக்குறவனுக்கு அதனால ஒண்ணும் இல்ல. வாசிக்கிறவங்களுக்குள்ளதான் பிந்தக்கூடாது, செகண்டுல நூத்துல மூணு பங்கு பிந்துனாலே தாளம் இழுக்க ஆரம்பிச்சுரும். அதனால லாக்டவுன்ல ஆளுக்கொரு கட்டத்துல நின்னு வாசிச்ச வீடியோல முக்காவாசி ஒருத்தர் வாசிச்சு அனுப்ப அடுத்தவர் அது மேல வாசிச்சதுதான். அதுல கேள்வி பதில் கெடையாது. ஒருத்தர் சட்டுனு ஒண்ணு வாசிக்க இன்னொருத்தர் அந்த நொடியே திருப்பிக் குடுக்கணும், அதுக்கு ஒரே ரூம் வேணும். அதான் லைவுக்கும் மத்ததுக்கும் வித்தியாசம், நான் காசு குடுக்குறதும் இதுக்குத்தான்.

காசுன்னதும் ஞாபகம் வருது. டாலர்ல கட்டணும், கார்டுல இன்டர்நேஷனல் ஆப்ஷன நாமளே ஆன் பண்ணணும், டாலர மாத்துறதுக்குன்னு பேங்க் மூன்றரை பர்சென்ட் வரைக்கும் மேல புடிப்பாங்க. ஒரு தடவ டிக்கெட் விக்கிற சைட் ஒண்ணுல காசு போயிருச்சு, லிங்க் வரல, மெயில் மேல மெயில் போட்டு பதினெட்டு நாள் கழிச்சு திரும்ப வந்துச்சு, அதுக்குள்ள கச்சேரியும் முடிஞ்சு என் கோவமும் முடிஞ்சுருச்சு. புதுசா பாக்குறவங்க காசில்லாம வர்றதுல ஆரம்பிங்க.

கரண்டு பத்தி நம்மூர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா. ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து ஏறி பாம்பன்ல புயல் கூண்ட ஏத்திட்டாங்கன்னா அன்னைக்கு நெட்ட நம்பாதீங்க. மோடத்துக்கு சின்ன யூபிஎஸ் ஒண்ணு போட்டுருக்கேன், அஞ்சு வருஷத்துல நான் வாங்குனதுலயே உருப்படியான சாமான் அதுதான். அப்பறம் ரயில். பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, புதுசு தொறந்தது 2025 ஏப்ரல்ல, நடுவுல ரெண்டு வருஷத்துக்கு மேல என் விடியக்காலை செட்டுக்குள்ள ரயில் சத்தமே இல்ல. இப்ப திரும்ப வந்துருச்சு, பேலட்டுன்னு மெதுவான பாட்டு வாசிக்கும்போதெல்லாம் கரெக்டா ஹாரன் அடிக்கிறான், எனக்குக் கொறையொண்ணும் இல்ல.

அந்த மாதிரி கூண்டு ஏத்துன ஒரு நாள்தான், கடலுக்குப் போகாம அப்பா சும்மா உக்காந்துருந்தாரு, கரண்டு போயிருச்சு, நெட்டு மட்டும் யூபிஎஸ்ல நிக்குது. ஹெட்செட்ட கழட்டிட்டு சின்ன ஸ்பீக்கர்ல போட்டேன். கடைசில சாக்ஸபோனும் ட்ரம்ஸும் நாலு நாலு தாளச்சுத்தா மாத்தி மாத்தி வாசிச்சாங்க, ட்ரேடிங் ஃபோர்ஸும்பாங்க, இவர் நாலு, அவர் நாலு. அப்பா காப்பிய கீழ வச்சுட்டாரு. திருவிழால நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் மல்லுக்கட்டுறத விடிய விடிய நின்னு பாக்குற ஆளு அவரு. "அந்தக் கொட்டுக்காரன் விட மாட்டேங்கிறான்டா"ன்னாரு. செட்டு முடிஞ்சு அங்க கைதட்டுறப்ப, "நாம தட்டுனா அவனுக்குக் கேக்குமா?"ன்னு கேட்டாரு. கேக்காதுப்பான்னேன். "அப்ப சாட்டுல எழுது, பாம்பன்ல ஒருத்தன் தட்டுனான்னு." எழுதுனேன். யார் பாத்தாங்களோ, நிமிஷத்துல மேல ஏறிப் போயிருச்சு.

முக்கியமானத விட்டுட்டேன். அமெரிக்காவுல வருஷத்துக்கு ரெண்டு தடவ கடிகாரத்த மாத்துவாங்க, மார்ச் ரெண்டாவது ஞாயிறு, நவம்பர் மொத ஞாயிறு. நவம்பர்ல மாத்துனப்பறம் அவங்க ஏழரை நமக்கு அஞ்சு இல்ல, ஆறு. இது தெரியாம மொத வருஷம் ஒரு மணி நேரம் கருப்பு ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டு நெட்டுக்காரன திட்டிக்கிட்டு உக்காந்துருந்தேன். அலாரத்த மாத்தி வச்சுக்கங்க.