அம்மாவோட பிரான்ஸ் விசாவுக்கு ஹட்டன்ல போன கடை

தம்பி பாரிஸ் பக்கம் இருக்கான், டிசம்பர் ஸ்கூல் லீவுக்கு அம்மாவையும் என்னையும் வரச் சொன்னான், அப்படியே சுவிஸ்ல பெரியம்மா மகளோட கல்யாணம், முடிஞ்சா லண்டன்ல சித்தப்பா வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வரலாம்னு பிளான். மொதல்ல கொழும்புல ஒரு ஏஜென்சிக்குத்தான் போனோம், பேர் வேணாம். "யூரோப் விசா ஒண்ணு எடுத்தா போதும், லண்டனும் அதுலயே போலாம்"னு சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டாங்க. இது பச்சப் பொய்ங்க. லண்டன் ஷெங்கன்ல, அதாவது ஒரே விசால போய் வரக்கூடிய ஐரோப்பிய நாட்டுக் கூட்டத்துல, இல்ல, நம்ம பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா எடுக்கணும்.

இத எங்களுக்கு வெளங்க வச்சது ஹட்டன் டவுன்ல போட்டோ கொப்பி அடிச்சு விசா ஃபோர்மும் நிரப்பித் தர்ற ஒரு சின்ன கடை. அந்த அண்ணன் ஃபோர்ம தொடுறதுக்கு முன்னாடியே எத்தன நாள் எந்த நாட்டுலன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. கூட நாள் எங்க தங்குறமோ அந்த நாட்டுக்குத்தான் விசா போடணும், எங்களுக்கு அது பிரான்ஸ். சுவிஸ் ஐரோப்பிய யூனியன்ல இல்லாட்டியும் ஷெங்கன்ல இருக்கு, அதனால அதே விசால ட்ரெயின்ல போயிட்டு வரலாம். லண்டன் போயிட்டு திரும்ப பாரிஸ் வரணும்னா அங்க விசா எடுக்கிறதோட இந்த ஷெங்கன் விசாவும் பல தடவ உள்ள போகக்கூடிய மல்டிபிள் விசாவா இருக்கணும்னாரு. அம்மாதான் "லண்டன் வேணாம்பா"ன்னு முடிச்சாங்க.

தம்பி அவங்க ஊரு நகரசபைல, மெரின்னு சொல்லுவாங்க, அங்க போய் வீட்ல தங்க வைக்கிறதுக்கான பத்திரம் எடுத்து ஒரிஜினல அனுப்பணும், அதுக்கு 30 யூரோ முத்திர. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் கொறையாம, ஷெங்கன் நாடு எல்லாத்துக்கும் செல்லுபடியா இருக்கணும். ஏஜென்சி போட்டுத் தந்ததுல பிரான்ஸ் மட்டும்தான் இருந்திச்சு, அண்ணன்தான் கண்டுபுடிச்சாரு. விசா கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, கெடைக்காட்டியும் திருப்பித் தரமாட்டாங்க. எங்கள மாதிரி குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காசுன்னு தெரிஞ்சு பொறுமையா ஒவ்வொரு பேப்பரா பாத்தாரு, அதுக்காகவே நான் இத எழுதுறேன்.

பெரிய சிக்கல் அம்மா பேருதான். தம்பியோட பெறப்பு சர்ட்டிபிகேட்ல தோட்டத்து ஆபிஸ்ல குடுத்த பேரு ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல இன்னொரு மாதிரி. நம்ம லயத்துப் பக்கம் எத்தன வீட்ல இந்தக் கத இருக்கு! சமாதான நீதவான்கிட்ட சத்தியக் கடதாசி முடிச்சு, சர்ட்டிபிகேட்ட மொழிபெயர்க்கக் குடுத்து, ஜீஎஸ், அதான் கிராம சேவகர்கிட்ட வதிவிடக் கடிதம் வாங்கி, அம்மாவோட பேங்க் புக்கையும் வச்சோம். இன்னொண்ணு, 40 வருஷம் தேயிலக் கொழுந்து எடுத்த கை, விசாவுக்கு எடுக்கிற வெரல் ரேகை மெஷின்ல சரியா விழாதுன்னு அவரு யோசிச்சு, ஒரு வாரம் முன்னாடியே ராவுல தேங்கா எண்ணெய் பூசுங்கம்மான்னு சொன்னாரு. கொழும்புல மூணாவது தடவையில புடிச்சிரிச்சு.

விசா வந்ததும் ஸ்டிக்கர அம்மாவுக்குக் காட்டி ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டினாரு. கடைசித் திகதி 45 நாள் தள்ளி இருந்திச்சு, தங்குற நாள்னு போட்டிருந்தது 30. அம்மா கடைசித் திகதி வரைக்கும் இருக்கலாம்னு நெனச்சிருந்தாங்க. அப்படி இல்ல, 30 நாள்தான், எறங்குற நாளும் கெளம்புற நாளும் சேத்தி. எந்த 180 நாள்லயும் 90 நாள் இருக்கலாம்னு எல்லாரும் சொல்றது மேல்மட்டக் கணக்கு, ஸ்டிக்கர்ல இருக்கிறதுதான் நம்ம கணக்கு. 2025 ஒக்டோபர் 12ல இருந்து எல்லையில போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல பதியுற முறையும் தொடங்கிருச்சு, ஒரு நாள் கூடினாலும் தெரிஞ்சிரும்.

கொறையும் சொல்லணும். ஒரே கம்ப்யூட்டர், கரண்ட் போனா வேல நின்னுரும், ரெண்டு நாள் சும்மா வந்து போனோம். வயசானவங்க ஒக்கார ஒரு ஸ்டூல்தான் இருக்கு, நாலு கதிரையாச்சும் போடுங்கண்ணே. ரெண்டு பேருக்கும் சேத்து 3,500 ரூவா எடுத்தாரு, மொழிபெயர்ப்புக் காசு தனி.

சுவிஸ் போற ட்ரெயின்ல ரெண்டு பேர் வந்து பாஸ்போர்ட் கேட்டாங்க, போட்டோ கொப்பிய நம்பாம ஒரிஜினல கையில வச்சுக்கோங்கன்னு அண்ணன் சொல்லியிருந்ததால அம்மா மடியில இருந்து எடுத்து நீட்டினாங்க, பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்தாங்க. கடை ஞாயிறும் போயா (பௌர்ணமி) நாளும் பூட்டு, காலையில வெள்ளனவே போயிருங்க.