படிவம் 20: ஆர்.கே. நகரைப் பூத் வாரியாகப் படிக்க

வட சென்னையின் ஆர்.கே. நகர் தொகுதியில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கத்து ஓட்டு எப்படி மாறியது என்று பார்க்க, தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் படிவம் 20, அதாவது அதிகாரப்பூர்வ இறுதி முடிவுத் தாள், போதும். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் வேட்பாளர்கள் வாங்கியது, நோட்டா, மொத்தம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். தபால் ஓட்டு மட்டும் அடியில், தனியாக. அதைப் பூத் கணக்கில் சேர்த்தால் கூட்டல் உதைக்கும்.

ஆர்.கே. நகருக்கு இது ரொம்பவே தேவை. 2015 இடைத்தேர்தலில் ஜெயலலிதாவின் வித்தியாசம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது, 2016-இல் 39,545. 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடாவால் இடைத்தேர்தல் ரத்து. டிசம்பரில் பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்க, திமுக டெபாசிட் இழந்தது. அதே திமுக 2021-இல் தொகுதியைப் பிடித்தது. 2015-ஐ அடிப்படையாக வைத்து ஒப்பிடாதீர்கள், திமுக அப்போது போட்டியிடவே இல்லை.

குறைகளும் உண்டு. பல கோப்புகள் ஸ்கேன் படங்கள். எக்செல்லில் ஒட்ட முடியாது, 3-ம் 8-ம் குழம்பும். பூத் எண்ணை மட்டும் நம்பி இரண்டு தேர்தலை ஒப்பிடக் கூடாது: 2021-இல் கொரோனாவால் வாக்காளர்கள் அதிகம் இருந்த சாவடிகளைப் பிரித்தார்கள். வாக்காளர் பட்டியலில் உள்ள தெருப் பெயரை வைத்துப் பொருத்துங்கள். சாதி, மத விவரம் படிவம் 20-இல் கிடையாது. "இந்தச் சமூகம் இத்தனை சதவீதம்" என்று யாராவது அடித்துச் சொன்னால் அது குத்துமதிப்புதான்.